மன்னர் இல்லாத இங்கிலாந்து, 1649–1660: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பிய வரலாறு பற்றி எழுதுகிறவன் என்று தெரிந்ததும் நண்பர்களும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களும் அதிகம் கேட்பது ஒரு பதினொரு ஆண்டுகளைப் பற்றித்தான். 1649இல் இங்கிலாந்து தன் மன்னரின் தலையை வெட்டியது. மன்னர் பதவியையே சட்டம் போட்டு ஒழித்தது. 1660இல் அதே மன்னரின் மகனை வரவழைத்து அரியணையில் உட்காரவைத்தது. பிரெஞ்சுப் புரட்சிக்கு 140 ஆண்டுகள் முந்தைய கதை இது. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

1. இங்கிலாந்துல இப்பவும் ராஜாதானே இருக்காரு? அது எப்போ குடியரசா இருந்துச்சு?

1649 முதல் 1660 வரை. ஆனால் அத்தனை ஆண்டும் ஒரே மாதிரி ஆட்சி இல்லை. 1653 ஏப்ரல் வரை நாடாளுமன்றமே நேரடியாக ஆண்டது, இதுதான் ‘காமன்வெல்த்’. (பிரிட்டனின் பழைய காலனிகள் சேர்ந்து இன்று வைத்திருக்கும் காமன்வெல்த் வேறு.) 1653 டிசம்பரிலிருந்து ‘லார்டு புரொடெக்டர்’, அதாவது பாதுகாவலர் என்ற பட்டத்தோடு, நாடாளுமன்றப் படையின் தளபதி ஆலிவர் கிராம்வெல் ஆண்டார். 1658இல் அவர் இறந்ததும் மகன் ரிச்சர்ட் வந்தார்; 1659 மே மாதம் அவரும் போனார். கடைசி ஓராண்டு யார் ஆள்கிறார்கள் என்று ஆள்பவர்களுக்கே தெரியாத காலம்.

2. ராஜாவை எதுக்குக் கொன்னாங்க? வரி போட்டதுக்கா?

வரியில் தொடங்கியது, வரியில் முடியவில்லை. முதலாம் சார்லஸ் 1629 முதல் 1640 வரை நாடாளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்டார். கடற்படைக்கு என்று சொல்லி, துறைமுக ஊர்கள் மட்டும் தந்துவந்த கப்பல் வரியை நாடு முழுவதற்கும் விரித்தார். ஸ்காட்லாந்தின் திருச்சபைமேல் தன் வழிபாட்டு முறையைத் திணிக்கப்போய்ப் போர் வந்தது. போருக்குப் பணம் வேண்டும்; பணத்துக்கு நாடாளுமன்றம் வேண்டும். 1640இல் கூட்டிய நாடாளுமன்றம் பதினொரு ஆண்டுக் கணக்கையும் ஒன்றாகக் கேட்டது. 1642 ஆகஸ்டில் உள்நாட்டுப் போர் மூண்டது.

போரில் தோற்றதற்காக மட்டும் அவரைக் கொன்றிருக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு. 1646இல் சரணடைந்த பிறகும் இரண்டு ஆண்டுகள் அவரோடு பேரம் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். சார்லஸ் ஒரு கையால் பேரம் பேசிக்கொண்டே மறுகையால் ஸ்காட்லாந்துக்காரர்களோடு ஒப்பந்தம் போட்டார். 1648இல் இரண்டாவது போர் வந்தது. ‘இந்த மனிதர் உயிரோடு இருக்கும்வரை போர் ஓயாது’ என்று படைவீரர்கள் முடிவு கட்டியது அப்போதுதான்.

3. நாடாளுமன்றமே சேர்ந்து தீர்ப்புச் சொல்லித்தானே தலையை வெட்டினாங்க?

இல்லை. அன்றைய உறுப்பினர்களில் பெரும்பாலோர் மன்னரோடு சமரசம் செய்யத்தான் விரும்பினார்கள். 1648 டிசம்பர் 6 அன்று கர்னல் தாமஸ் பிரைடு படையோடு மன்ற வாசலில் நின்று, பட்டியலை வைத்துக்கொண்டு வந்தவர்களை வடிகட்டினார். சுமார் 45 பேர் கைது. அதைவிடப் பல மடங்கு பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள் அல்லது தாங்களாகவே ஒதுங்கினார்கள். மிஞ்சியவர்களின் மன்றத்துக்கு ‘ரம்ப்’, அதாவது பின்புறம், என்ற கேலிப்பெயர் நிலைத்துவிட்டது. விசாரணைக்கு அமைத்த நீதிமன்றத்தில் 135 பேர் நியமிக்கப்பட்டார்கள். பலர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. படைத்தலைவர் ஃபேர்ஃபாக்ஸின் பெயரைக் கூப்பிட்டபோது, முகமூடி அணிந்து மாடத்தில் இருந்த அவர் மனைவி, ‘இங்கே வராத அளவுக்கு அவருக்கு அறிவு இருக்கிறது’ என்று குரல் கொடுத்தாராம். மரண ஆணையில் கையெழுத்திட்டவர்கள் 59 பேர்.

சார்லஸ் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லவே மறுத்தார். ‘எந்தச் சட்டபூர்வ அதிகாரத்தில் என்னை இங்கே கொண்டுவந்தீர்கள்?’ என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டார். கேட்டவர் யோக்கியரா என்பது வேறு விஷயம். கேள்வி சரியான கேள்வி. என்னைக் கேட்டால், அடுத்த பதினொரு ஆண்டும் அந்தக் குடியரசு இதற்குப் பதில் தேடியே களைத்துப்போனது. 1649 ஜனவரி 30 அன்று வைட்ஹால் அரண்மனையில், தன் தந்தையைப் போற்றி ரூபென்ஸிடம் அவரே வரையச் சொன்ன விதான ஓவியங்களுக்குக் கீழே நடந்து வெளியே வந்து, மேடையில் தலையைக் கொடுத்தார். குளிரில் நடுங்கினால் பயம் என்று நினைப்பார்களே என்று இரண்டு சட்டை அணிந்திருந்தார்.

4. முடியாட்சியை ஒழிச்ச தேதி ஒவ்வொரு புத்தகத்துலயும் ஒவ்வொண்ணா இருக்கே, எது சரி?

எல்லாமே சரி, வெவ்வேறு செயல்களின் தேதிகள். ஜனவரி 4: ‘கடவுளுக்குக் கீழே, நியாயமான அதிகாரம் அனைத்துக்கும் மூலம் மக்களே’ என்று மக்கள் சபைத் தீர்மானம். ஜனவரி 30: மரண தண்டனை. மார்ச் 17: மன்னர் பதவி ‘தேவையற்றது, சுமையானது, ஆபத்தானது’ என்று சொல்லி ஒழித்த சட்டம். மார்ச் 19: பிரபுக்கள் சபை ஒழிப்பு. மே 19: இங்கிலாந்து ஒரு காமன்வெல்த், சுதந்திர அரசு என்ற அறிவிப்பு. தேர்வுக்குக் கேட்டால் மார்ச் 17 என்று எழுதுங்கள். மன்னரைக் கொன்று ஆறு வாரத்துக்குமேல் கழித்துத்தான் பதவியை ஒழித்தார்கள் என்பதைக் கவனியுங்கள். குடியரசுத் திட்டம் கையில் வைத்துக்கொண்டு யாரும் கோடரியைத் தூக்கவில்லை.

மூல ஆவணங்களில் 1648 என்று இருப்பதைப் பார்த்தும் குழம்புகிறார்கள். அன்றைய இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25. அதனால் ஜனவரியில் எழுதிய மரண ஆணையில் ஆண்டு 1648. இங்கே நான் நம் கணக்கில் 1649 என்கிறேன்.

5. ராஜா இல்லாம யாரு நாட்டை நடத்தினாங்க?

ரம்ப் மன்றமும், அது ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்த 41 பேர் கொண்ட அரசவையும். சட்டம் இயற்றுவதும் அவர்களே, நிர்வாகமும் அவர்களே. புதிய முத்திரையில் மன்னர் உருவத்துக்குப் பதிலாக மக்கள் சபைக் கூட்டத்தைப் பொறித்து, ‘கடவுளருளால் மீண்ட சுதந்திரத்தின் முதல் ஆண்டு’ என்று எழுதினார்கள். அரச நகைகளை உருக்கினார்கள். சார்லஸ் சேர்த்துவைத்த ஓவியங்களை விற்றார்கள். டிஷியன், ரஃபேல் ஓவியங்கள் பல ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் போய்விட்டன.

உண்மையான செலவு படை. அதற்காக 1649இல் மாதம் 90,000 பவுன் வரி விதித்தார்கள். அடுத்த ஆண்டு 1,20,000 ஆக்கினார்கள். இரண்டாம் கேள்வியில் சொன்ன கப்பல் வரி ஆண்டுக்கே ஏறக்குறைய இரண்டு லட்சம்தான். வரிக்கொடுமை என்று சொல்லி மன்னரை எதிர்த்தவர்கள், மூன்று மாதத்தில் அதைவிட அதிகம் வசூலித்தார்கள்.

6. சரி, மக்கள்தான் மூலம்னு தீர்மானம் போட்டாங்களே. சாதாரண ஆளுக்கு ஓட்டு கிடைச்சுதா?

கிடைக்கவில்லை. கேட்டவர்கள் இருந்தார்கள். 1647 அக்டோபர் கடைசியில் லண்டனை அடுத்த பட்னி தேவாலயத்தில் படைவீரர்களும் அதிகாரிகளும் உட்கார்ந்து வாதாடியதற்குக் குறிப்புகள் எஞ்சியிருக்கின்றன. ‘இங்கிலாந்தின் மிக ஏழைக்கும் மிகப் பெரியவரைப் போலவே வாழ ஒரு வாழ்க்கை இருக்கிறது, தன் சம்மதம் இல்லாத அரசுக்கு அவன் கட்டுப்பட்டவன் அல்ல’ என்ற பொருளில் கர்னல் ரெயின்பரோ பேசினார். கிராம்வெல்லின் மருமகன் ஐர்ட்டன் எதிர்வாதம் வைத்தார்: நாட்டில் நிலையான சொத்து உள்ளவனுக்கே வாக்கு, இல்லாதவனுக்குக் கொடுத்தால் நாளை சொத்தையே பங்கு கேட்பான். அந்தக் குறிப்புகளைப் படித்தால் நேற்று நடந்த விவாதம் மாதிரி இருக்கும்.

ரெயின்பரோவின் பக்கம் நின்றவர்கள் லெவலர்கள். குடியரசு வந்ததும் தங்கள் காலம் வந்தது என்று நினைத்தார்கள். அவர்களில் முக்கியமானவரான ஜான் லில்பர்ன், இது புதிய விலங்கு என்று துண்டறிக்கை வெளியிட்டு, 1649 மார்ச்சிலேயே சிறைக்குப் போனார். மே மாதம் கலகம் செய்த வீரர்களை பர்ஃபோர்டு என்ற ஊரில் கிராம்வெல் மடக்கினார். மூன்று பேரைத் தேவாலயச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். நிலம் எல்லோருக்கும் பொது என்று சொல்லி, சர்ரே பகுதியில் புறம்போக்கைக் கொத்திப் பயிர் வைத்த ஜெரார்டு வின்ஸ்டன்லியின் கூட்டத்தையும் அக்கம்பக்கத்து நில உடைமையாளர்கள் ஓராண்டில் அடித்து விரட்டிவிட்டார்கள்.

பெண்களுக்கு வாக்கு என்ற பேச்சு லெவலர்களிடமும் எழவில்லை. ஆனால் லில்பர்னை விடுவிக்கக் கோரி மனுவோடு நாடாளுமன்றத்துக்கு வந்த பெண்களை, ‘வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவுங்கள்’ என்று விரட்டியதாகச் சொல்வார்கள்.

7. கிராம்வெல் ராஜாவை எதிர்த்தவர்தானே, அவரே ஏன் நாடாளுமன்றத்தைக் கலைச்சாரு?

ரம்ப் தன்னைக் கலைத்துக்கொண்டு புதுத் தேர்தல் நடத்தும் என்று நான்கு ஆண்டுகள் காத்திருந்தார்கள். தேர்தல் வைத்தால் சமரசக்காரர்களும் மன்னர் ஆதரவாளர்களும் வென்றுவிடுவார்கள் என்ற பயம் ரம்புக்கும் இருந்தது, படைக்கும் இருந்தது. கடைசியில் 1653 ஏப்ரல் 20 அன்று கிராம்வெல் துப்பாக்கி வீரர்களோடு உள்ளே போய் எல்லோரையும் வெளியேற்றினார்; மேசைமேல் இருந்த செங்கோலை, ‘இந்தப் பொம்மையைத் தூக்கிப் போடுங்கள்’ என்றார். ஒருவரும் எதிர்த்து நிற்கவில்லை. ரம்பை யாரும் தேர்ந்தெடுத்த மன்றமாக நினைக்காததே காரணம்.

அடுத்து, சுமார் 140 பக்திமான்களைப் படை அதிகாரிகள் தாங்களே நியமித்து ஒரு சபை கூட்டினார்கள். அதில் உறுப்பினராக இருந்த ஒரு லண்டன் தோல் வியாபாரியின் பெயர் பிரெய்ஸ்-காட் பேர்போன்; இளக்காரமாக அவர் பெயரையே சபைக்குச் சூட்டிவிட்டார்கள். ஜூலையில் தொடங்கி டிசம்பரில் அவர்களே அதிகாரத்தைக் கிராம்வெல்லிடம் திருப்பிக் கொடுத்தார்கள்.

8. பாதுகாவலர்னு பேரை மாத்திக்கிட்ட ராஜாதானே அவரு?

பாதி உண்மை. 1653 டிசம்பர் 16 அன்று எழுத்து வடிவ அரசியலமைப்பு ஒன்றை வைத்துப் பதவியேற்றார். இன்றைய பிரிட்டனில்கூடத் தனி ஆவணமாக அரசியலமைப்பு கிடையாது. அதன்படி பாதுகாவலர் அரசவையைக் கலந்துதான் செயல்பட வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றம். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 400 இடங்கள், ஸ்காட்லாந்துக்கும் அயர்லாந்துக்கும் தலா 30. மாவட்டத் தொகுதிகளில் வாக்களிக்க 200 பவுன் சொத்து வேண்டும்.

நடைமுறை வேறு. 1654இல் கூடிய மன்றம் அந்த அரசியலமைப்பையே கேள்வி கேட்டது. குறைந்தது ஐந்து மாதம் கூட வேண்டும் என்பது விதி. கிராம்வெல் மாதத்துக்கு 28 நாள் என்று கணக்குப் போட்டு 1655 ஜனவரி 22 அன்று கலைத்தார். அந்த ஆண்டே நாட்டை வட்டாரங்களாகப் பிரித்து மேஜர்-ஜெனரல்களிடம் கொடுத்தார். 1656 தேர்தலில் வென்று வந்தவர்களில் சுமார் நூறு பேரை அரசவை உள்ளே விடவில்லை. மூன்றாம் கேள்வியின் பிரைடு செய்ததையேதான், துப்பாக்கிக்குப் பதில் அனுமதிச் சீட்டை வைத்துச் செய்தார்கள்.

9. அப்போ கிரீடத்தைக் கொடுத்தப்ப ஏன் வேண்டாம்னாரு?

1657இல் கிரீடத்தை நீட்டியவர்கள் முகஸ்துதிக்காரர்கள் என்று நினைக்காதீர்கள். பலர் வழக்கறிஞர்கள். அவர்கள் கணக்கு நுட்பமானது: மன்னரின் அதிகாரம் எதுவரை என்று பல நூற்றாண்டுச் சட்டம் வரையறுத்திருக்கிறது, பாதுகாவலரின் அதிகாரம் எதுவரை என்று யாருக்கும் தெரியாது. ஆகவே கிராம்வெல்லை மன்னராக்குவது அவரைக் கட்டிப்போடும் வழி. இந்தக் கேள்விக்கு இதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

சில வாரம் யோசித்துவிட்டு மே 8 அன்று மறுத்தார். கடவுள் இடித்துப் புழுதியாக்கியதை நான் எழுப்ப மாட்டேன், பைபிளில் வரும் எரிகோ நகரை மறுபடி கட்ட மாட்டேன் என்று அதற்கு முன்பே பேசியிருந்தார். அந்த நம்பிக்கை உண்மையானதுதான். கூடவே இன்னொன்றும் உண்மை: மருமகன் ஃப்ளீட்வுட், மைத்துனர் டெஸ்பரோ உட்படப் படைத்தலைவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். படை இல்லாமல் அவரால் ஒரு வாரம்கூட ஆண்டிருக்க முடியாது. ஜூனில் இரண்டாம் பதவியேற்பு நடந்தது: மன்னர்கள் முடிசூடும் நாற்காலி, ஊதா அங்கி, செங்கோல் எல்லாம் உண்டு. கிரீடம் மட்டும் இல்லை.

10. கிறிஸ்துமஸையும் நாடகத்தையும் தடை பண்ணினது கிராம்வெல்தானே?

அவர் ஆட்சிக்கு வருவதற்கு முன்பே வந்த தடைகள். நாடகக் கொட்டகைகளை நாடாளுமன்றம் மூடியது 1642இல். கிறிஸ்துமஸ் விழாவை ஒழித்தது 1647 ஜூனில். அந்த டிசம்பரில் கேன்டர்பரியில் கலவரமே நடந்தது. கிராம்வெல் தடைகளை நீக்கவில்லை என்பது சரி. ஆனால் இசைப் பிரியர். 1657இல் மகள் ஃபிரான்சிஸின் திருமணத்தில் விடிய விடிய ஆட்டம் பாட்டம். இங்கிலாந்தின் முதல் ஓபரா என்று சொல்லப்படுவது அரங்கேறியதும் 1656இல், அவர் ஆட்சியில்தான்.

11. அயர்லாந்துக்காரங்க கிராம்வெல் பேரைக் கேட்டாலே ஏன் கொதிக்கிறாங்க?

1649 செப்டம்பரில் டிராகெடாவிலும் அக்டோபரில் வெக்ஸ்ஃபோர்டிலும் நடந்த படுகொலைகள். டிராகெடாவில் மட்டும் ஏறத்தாழ 3,000 பேர். சரணடைந்த வீரர்களும், பாதிரியார்களும், ஊர்மக்களில் ஒரு பகுதியினரும். கடவுளின் நீதியான தண்டனை என்று கிராம்வெல்லே கடிதம் எழுதினார். அன்றைய போர்முறை அப்படித்தான் என்று சமாதானம் சொல்கிறவர்கள் உண்டு. இங்கிலாந்துக்குள் நடந்த போரில் அவர் அப்படி நடக்கவில்லையே என்பதுதான் என் பதில்.

அதைவிட ஆழமான காயம் நிலம். 1641இல் பாதிக்கு மேற்பட்ட நிலம் கத்தோலிக்கர்களிடம் இருந்தது. இந்தக் கொந்தளிப்பு அடங்கியபோது ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கியது. பறித்த நிலத்தை வைத்துத்தான் படைவீரர்களின் சம்பளப் பாக்கியையும் கடன் கொடுத்தவர்களையும் தீர்த்தார்கள். ஐந்தாம் கேள்வியில் சொன்ன படைச்செலவு எங்கே போய் விடிந்தது என்று பாருங்கள்.

12. நல்லது ஒண்ணுமே பண்ணலையா?

செய்தார்கள். 1650இல் நீதிமன்ற மொழியை லத்தீனிலிருந்தும் சட்டப் பிரெஞ்சிலிருந்தும் ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். ராபர்ட் பிளேக்கின் தலைமையில் கடற்படை டச்சுக்காரர்களுக்கு ஈடுகொடுக்கும் வலிமை பெற்றது. 1290இல் துரத்தப்பட்ட யூதர்கள் 1656 முதல் லண்டனில் வெளிப்படையாக வழிபட முடிந்தது. சட்டம் எதுவும் போடவில்லை. கிராம்வெல் கண்டும் காணாமல் இருந்தார், அதுவே போதுமானதாக இருந்தது.

13. நம்ம ஊருக்கும் இதுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. நலிந்துகிடந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1657இல் கிராம்வெல் புதுச் சாசனம் கொடுத்தார். ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனி முதல் திரட்டிய நிலை மாறி, நிரந்தர முதலீடு கொண்ட நிறுவனமாக அது ஆனது அப்போதுதான்.

இன்னொன்று சென்னைக் கோட்டையில். 1665 செப்டம்பரில், கோட்டைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கப்பட்ட எட்வர்ட் விண்டர், தனக்குப் பதிலாக வந்த ஜார்ஜ் ஃபாக்ஸ்கிராஃப்ட் மன்னருக்கு எதிராகப் பேசியதாகக் குற்றம்சாட்டி அவரைச் சிறையில் அடைத்துவிட்டுக் கோட்டையைத் தன் வசமாக்கினார். 1668 ஆகஸ்ட் வரை அவர் வைத்ததே சட்டம். மன்னர் திரும்பி ஐந்து ஆண்டு ஆன பிறகும், ‘இவன் ராஜ விசுவாசி இல்லை’ என்ற ஒரு சொல்லை வைத்துக் கோட்டையையே பிடிக்க முடிந்தது.

14. கிராம்வெல் செத்து ரெண்டே வருஷத்துல எப்படிச் சரிஞ்சுது? ஜனங்களுக்கு ராஜாதான் வேணும்னு இருந்துச்சா?

1658 செப்டம்பர் 3 அன்று அவர் இறந்தபோது எந்தக் கலகமும் இல்லை. ரிச்சர்ட் நல்ல மனிதர், ஆனால் போர்க்களம் பார்த்தவர் இல்லை. படை அவரைத் தன் ஆளாக நினைக்கவில்லை. அரசின் கடன் சுமார் 20 லட்சம் பவுன், வீரர்களுக்குச் சம்பளப் பாக்கி. 1659 வசந்தத்தில் தளபதிகள் அவரைப் பணியவைத்து ரம்பைத் திரும்பக் கூட்டினார்கள், அக்டோபரில் அதைத் துரத்தினார்கள், டிசம்பரில் மறுபடியும் அழைத்தார்கள். ஜனவரியில் ஸ்காட்லாந்திலிருந்து ஜார்ஜ் மங்க் தன் படையோடு தெற்கே கிளம்பினார். மனதில் இருப்பதைக் கடைசிவரை வெளியே விடாத மனிதர். பிரைடு துரத்தியவர்களை 1660 பிப்ரவரி 21 அன்று மன்றத்துக்குள் அனுமதித்தார். அவர்கள் மன்றத்தைக் கலைத்துப் புதுத் தேர்தலுக்கு வழிவிட்டார்கள்.

பல ஆண்டுகளாக எல்லோரும் பயந்த தேர்தல் அது. நடந்ததும், பயந்ததேதான் நடந்தது: புதிய சபை இரண்டாம் சார்லஸை அழைத்தது. மக்கள் மன்னரைத் தெய்வமாக நினைத்தார்கள் என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன். படைவரியும் அடுத்தடுத்த கவிழ்ப்புகளும் சலித்துப்போய், எல்லை தெரிந்த ஓர் ஆட்சி வேண்டும் என்று நினைத்தார்கள். ஒன்பதாம் கேள்வியின் வழக்கறிஞர்கள் சொன்னதும் இதையே. மே 29 அன்று, தன் முப்பதாவது பிறந்தநாளில், புது மன்னர் லண்டனுக்குள் நுழைந்தார்.

15. அப்பாவைக் கொன்னவங்களை மகன் சும்மா விட்டாரா?

பெரும்பாலோரை விட்டார், பொதுமன்னிப்புச் சட்டம் போட்டார். விலக்கு, மரண தண்டனைக்குப் பொறுப்பானவர்களுக்கு. 1660 அக்டோபரில் பத்துப் பேரைக் கொன்றார்கள், பெரும்பாலோரைக் குடலை உருவி. 1661 ஜனவரி 30 அன்று, கிராம்வெல், ஐர்ட்டன், விசாரணைக்குத் தலைமை தாங்கிய பிராட்ஷா ஆகியோரின் பிணங்களைத் தோண்டியெடுத்துத் தூக்கிலிட்டார்கள். கிராம்வெல்லின் தலை கைமாறிக் கைமாறி, 1960இல்தான் கேம்பிரிட்ஜில் அடக்கமானது. ஹாலந்தில் ஒளிந்திருந்த மூவரைப் பிடித்துக் கொடுத்தவர் ஜார்ஜ் டௌனிங். குடியரசிடம் சம்பளம் வாங்கி வளர்ந்தவர். பிரிட்டிஷ் பிரதமர் வசிக்கும் தெருவுக்கு இவர் பெயர்தான். ரிச்சர்டை யாரும் தேடிப் பிடிக்கவில்லை. 85 வயது வரை வாழ்ந்து 1712இல் இறந்தார்.

16. அந்தப் பதினொரு வருஷச் சட்டமெல்லாம் இப்போ எங்க?

சட்டப்புத்தகத்தில் இல்லை. மன்னரின் ஒப்புதல் இல்லாதவை என்பதால் அனைத்தும் செல்லாதவை ஆயின. 1660இல் இயற்றிய சட்டங்களின் தலைப்பில் ‘இரண்டாம் சார்லஸ் ஆட்சியின் 12ஆம் ஆண்டு’ என்று இருக்கும். தந்தை இறந்த நிமிடத்திலிருந்தே அவர் மன்னர் என்ற கணக்கு. நீதிமன்றங்கள் மறுபடி லத்தீனுக்குப் போயின. ஆங்கிலம் திரும்பிவர 1730கள் ஆயின.

ஆனால் வேண்டியதை வேறு பெயரில் எடுத்துக்கொண்டார்கள். ஐரோப்பியச் சரக்கை ஆங்கிலேயக் கப்பலிலோ, அது விளைந்த நாட்டுக் கப்பலிலோதான் கொண்டுவர வேண்டும் என்ற ரம்பின் 1651 கப்பல் சட்டத்தை, 1660இல் மன்னரின் நாடாளுமன்றம் இன்னும் இறுக்கமாக மறுபடி இயற்றியது. திருமணம் ஒரு சிக்கலாக நின்றது. 1653 முதல் திருமணங்களைப் பாதிரியாருக்குப் பதில் உள்ளூர் நீதிபதிகள் நடத்திவைத்தார்கள். அந்தச் சட்டம் செல்லாது என்றால் அத்தனை தம்பதிகளும் மணமாகாதவர்கள், பிள்ளைகளுக்குச் சொத்துரிமை கிடையாது. அதனால் 1660இல் தனியாக ஒரு சட்டம் போட்டு, அந்தத் திருமணங்கள் எல்லாம் செல்லும் என்று அறிவித்தார்கள்.